குளிர்ப்பெட்டியின் பொய்ச் சாட்சி

இன்சுலின் குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளன. அவ்வில்லத்தாருக்குப் பயன்படும் என்பதால், என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைத் தயக்கத்தோடு எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் வசிக்கும் மதரஸா ஆசிரியன். படித்தது கலைப்பாடம். மின்கருவிகளைப் பற்றி ஏதும் அறியாதவன்.

சென்ற சித்திரையில் என் தாயாரின் இரத்தச் சர்க்கரை திடீரென ஏறத் தொடங்கிற்று. ஊசி ஒரு வேளையும் தவறவில்லை. ஆயினும் வெறும் வயிற்றில் 130 அளவில் நின்றது, பத்தே நாட்களில் 280ஐத் தாண்டிற்று. அலமாரியில் பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்று பிரிந்து கிடக்கக் கண்டேன். "உம்மா, யாரும் பார்க்காத நேரத்தில் இனிப்புத் தின்கிறீர்களா?" என்று பேரப்பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். "இல்லைப்பா" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவர் சரியாக உண்ணவும் இல்லை.

அதே நாட்களில் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்த தக்காளியும் கீரையும் கல்லாய் உறைந்தன. கம்ப்ரஸர் இரவும் பகலும் ஓயாது ஓடிற்று. பழுது பார்க்க வந்த ஒருவர், கேஸ் குறைந்துவிட்டது என்றும், புதுப்பெட்டி வாங்குவதே நல்லது என்றும் கூறிச் சென்றார்.

சிதம்பரத்தில் பழுது நீக்கும் சிறு பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். மறுநாளே பேருந்தேறி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்ததும், "ஹஜ்ரத், கேஸ் குறைந்தால் குளிரும் அல்லவா குறைய வேண்டும்? இங்கே குளிர் மிகுந்திருக்கிறதே!" என்றார். எனக்குத் தோன்றாத எளிய வினா அது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உட்புறத்திலிருந்து மிளகளவு மணி ஒன்றை மெல்லிய கம்பியோடு வெளியே எடுத்தார். அதுவே வெப்ப உணரி, தெர்மிஸ்டர் என்பர். வெப்பம் ஏறினால் இதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் மிகும். சில பொருள்களுக்கு இவ்வியல்பு உண்டென்பதை மைக்கேல் பாரடே 1833ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். பெட்டியின் மின்பலகை இத்தடையை அளந்தே கம்ப்ரஸரை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிறது.

ஒரு தம்ளரில் பனிக்கட்டியும் சிறிது நீரும் இட்டுக் கலக்கி, மணியை அதில் அமிழ்த்தினார். உருகும் பனிக்கட்டி நீரின் வெப்பம் 0 டிகிரி. எங்கள் பெட்டியின் அட்டவணைப்படி மீட்டர் 32 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும், காட்டியதோ 18. அது ஏறத்தாழ 12 டிகிரிக்குரிய அளவு. மணியின் உறை வெடித்து ஈரம் புகுந்திருந்தது. உள்ளே யாவும் உறைந்து கிடக்க, "இன்னும் குளிரவில்லை" என்று அது பொய்ச் சாட்சி சொல்லிற்று. கம்ப்ரஸரோ அதை நம்பி ஓயாது உழைத்தது.

புது மணியைப் பொருத்தியபின், நடுத்தட்டில் வைத்திருந்த இன்சுலின் பெட்டியைக் கையில் எடுத்து, "இதுவும் உறைந்திருக்குமே, ஹஜ்ரத்!" என்றார். என் கை நடுங்கிற்று. மிகுந்த குளிரே நல்லது என்றெண்ணி, அதைப் பின்சுவரோடு ஒட்டி வைத்தவன் நானே. தாயாருக்கு மருத்துவம் பார்க்கும் சிதம்பரத்து மருத்துவரிடம் கேட்டோம். திறவாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்தது உருகித் தெளிவாகத் தோன்றினாலும் அதன் வீரியத்தை நம்ப இயலாது, எறிந்துவிட வேண்டும் என்றார். புதுக் குப்பி வந்தது. சில நாட்களில் சர்க்கரையும் இறங்கிற்று.

சகோதரிகளே! பெட்டியில் காய்கறி உறைந்தால் முதலில் குளிர் அளவுக் குமிழையும், காற்று வரும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள். ஒரு தம்ளர் நீரில் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் ஓரிரவு வைத்துக் காலையில் பாருங்கள். அது 2 டிகிரிக்கும் கீழே இறங்கியும் கம்ப்ரஸர் நிற்கவில்லையெனில் உணரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இன்சுலினைப் பின்சுவரிலும் உறைபெட்டியின் அருகிலும் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைத் தாக்கி, மின்சாரம் பல நாட்கள் இல்லாதிருந்தபோது, ஈரமணல் நிரப்பிய மண்பானையே எங்கள் வீட்டில் மருந்தைக் காத்தது. பெட்டி பழுதான நாளிலும் அது உதவும்.

அன்று மஃரிபுக்குப் பின் தாயாரின் அருகில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டேன். பழைய மாணவர் கொணர்ந்த சிறு மணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்தவர், "இது சொன்னதை அந்த மோட்டார் நம்பியது, அதற்கென்ன தெரியும்? நீ என்னைக் கேட்டாய், நான் சொன்னேன். நீயும் நம்பவில்லையே" என்றார்.

அதற்கு விடை என்னிடம் இல்லை.