வளையமாதேவியிலிருந்து சிங்கக் காட்டுக்கு!

சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் வளையமாதேவி. மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி என்று இரண்டு ஊர். ஒரு பக்கம் நெல் வயல், வரப்பில் கொக்கு. இன்னொரு பக்கம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். சிங்கத்துக்கும் இந்த ஊருக்கும் ஸ்நானப்ராப்திகூட கிடையாது!

ஆனாலும் ஒரு பேச்சுக்கு, இங்கேயிருந்து ஒரு குடும்பம் ஆப்பிரிக்க சஃபாரிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் போட்டுத் தருகிறான். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வேட்டைக் கதைகள் என்றால் உயிர். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான்: அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அப்பா கேட்கும் முதல் கேள்வி, "துப்பாக்கியோட போறதா, கேமராவோடயா?" என்பதாகத்தான் இருக்கும். சஃபாரி என்றாலே வேட்டை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் வெறும் பயணம். அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் வேட்டைக்காரர்கள். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் மகன் கெர்மிட்டுடன் மொம்பாசாவில் வந்திறங்கினார். சாமான் தூக்கச் சுமார் 250 பேர். அருங்காட்சியகத்துக்காக என்று சொல்லிக்கொண்டு அப்பனும் பிள்ளையுமாகச் சுட்டது 512 விலங்குகள். இன்று டூரிஸ்ட் கம்பெனிகள் சொல்லும் 'பிக் ஃபைவ்' என்ற பெயரும் வேட்டைக்காரர்கள் வைத்ததுதான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தும் உருவத்தால் பெரியவை என்று அந்தப் பட்டியலில் சேரவில்லை. நடந்து போய் வேட்டையாடுகிறவனைத் திருப்பிக் கொல்லக்கூடியவை என்பதால்தான் சேர்ந்தன.

அந்தக் காட்டில் இந்தியர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கென்யா - உகாண்டா ரயில் பாதை போட பிரிட்டிஷார் இங்கிருந்து சுமார் 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். 1898-ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் இரவில் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. வேலையே நின்றுபோனது. பாலம் கட்ட வந்த பேட்டர்சன் அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டார். அவர் எழுதிய புத்தகம் பிரபலம். பாடம் செய்த அந்தச் சிங்கங்கள் இன்றும் சிகாகோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. இழுத்துப் போகப்பட்டவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, துப்பாக்கி. கென்யா 1977-லேயே வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. தென்னாப்பிரிக்கா, நமீபியா, தான்சானியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் இன்னும் சட்டப்படி நடக்கிறது. ஆனால் இஷ்டத்துக்குக் காட்டுக்குள் போய்ச் சுட முடியாது. உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் கூடவே வர வேண்டும். தங்குவதற்குத் தினக் கட்டணம் தனி. விழும் ஒவ்வொரு விலங்குக்கும் கட்டணம் தனி. ஹோட்டல் மெனு கார்டு மாதிரி விலைப்பட்டியலே உண்டு. குண்டு பட்டு, காயத்தோடு தப்பி ஓடிய விலங்குக்கும் முழுக் காசு கட்ட வேண்டும். முதல்முறை போகிறவர்களை எடுத்த எடுப்பில் சிங்கத்திடம் அனுப்ப மாட்டார்கள். கூடூ, இம்பாலா மாதிரி மான் வகைகளோடு ஒரு வாரம், பத்து நாள். தான்சானியாவில் சிங்கமோ யானையோ வேண்டுமென்றால் 21 நாள் தங்கியாக வேண்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்னாலேயே பதிவு செய்து, மூன்று கால் குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து நின்றபடி சுட ஊரிலேயே பழகிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

ஜிம்பாப்வேயில் 2015-ல் சிசில் என்ற சிங்கத்தை அம்பெய்து கொன்றது ஓர் அமெரிக்கப் பல் டாக்டர். அதற்காக அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 50,000 டாலர். உலகமே காறித் துப்பியது. நமீபியாக்காரர்கள் வேறு ஒரு கணக்கைக் காட்டுகிறார்கள். அங்கே 1990-களிலிருந்து கிராமத்து மக்களே சேர்ந்து வனப்பகுதிகளை நிர்வகிக்கிறார்கள். வேட்டைக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு, கறியும் ஊருக்கு. காசு வருவதால்தான் மிருகத்தை விட்டுவைக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டு வேட்டையை மூட்டைகட்டிய நாட்டிலிருந்து போகிறவருக்கு அது ஒட்டாது. தலையையும் தோலையும் கொண்டுவந்து கூடத்தில் மாட்டலாம் என்ற ஆசையும் வேண்டாம். சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா 1976-லிருந்து இருக்கிறது.

ஆக, கேமராதான். அப்பா கொஞ்சம் முகம் சுண்டினாலும் ஒப்புக்கொள்வார்.

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். கையில் கொடுக்கும் அட்டையை பாஸ்போர்ட் மாதிரி பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரையை டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து ஆன்லைனிலேயே பயண அனுமதி வாங்கிவிடலாம்.

பெட்டி கட்டும்போது அம்மா கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு 2017-லிருந்து தடை. முறுக்கு, அதிரசத்தைக் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போகக் கூடாது. நம்ம மஞ்சப்பை இருக்கவே இருக்கிறது! கறுப்பு, கருநீலத் துணிகளும் வேண்டாம். செட்சி ஈ என்ற கடிக்கும் ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். ராணுவப் பச்சைக் கட்டம் போட்ட சட்டையும் ஆகாது, போலீஸ் கேள்வி கேட்கும். நைரோபியிலிருந்து சிறிய விமானத்தில் மாராவுக்குப் போவதென்றால் தலைக்கு 15 கிலோதான். அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கவலை நைரோபியில் இறங்கியதுமே பாதி தீர்ந்துவிடும். சப்பாத்தி, சமோசா, சாய் எல்லாம் அங்கே உள்ளூர்ச் சாப்பாடு ஆகிவிட்டது. கடைக்குப் பெயர் 'டூகா', நம் வடக்கத்தியர்களின் 'துகான்'தான். மக்காச்சோள மாவில் கிளறும் உகாலியைப் பார்த்தால் அம்மா சிரித்துவிடுவார். நம்ம ஊர்க் களி! தொட்டுக்கொள்ளக் கீரை வேறு.

மசாய் மாரா 1,510 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவின் செரெங்கெட்டி. வேலி கிடையாது. பத்து லட்சத்துக்கும் அதிகமான காட்டுமாடுகள் மழையையும் புல்லையும் தேடி இரண்டு நாட்டுக்கும் நடுவே வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் அவை மாராவுக்குள் நுழைகின்றன. மாரா ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். கீழே முதலை. முதல் மாடு இறங்கவே இறங்காது. மணிக்கணக்கில் தயங்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும். ஒன்று குதித்துவிட்டால் போதும், அப்புறம் மடை திறந்த மாதிரிதான். கூட்டத்துக்கு எதிரே வேன்கள் வழிமறித்து நிற்கும் கூத்தும் நடக்கிறது. நல்ல டிரைவர் தள்ளி நிறுத்துவார். அவரிடம் "இன்னும் கிட்ட போப்பா" என்று சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

சிங்கத்தைப் பார்க்க விடியலுக்கு முன் கிளம்ப வேண்டும். பல்லைக் கிட்டும் குளிர். கடலூர் மாவட்டத்து உடம்புக்கு ஸ்வெட்டர் கட்டாயம். சினிமாவில் வருகிற மாதிரி கர்ஜித்துக்கொண்டு நிற்காது. பெரும்பாலும் தூங்கும். வயிறு நிறைந்த சிங்கம் நாளில் முக்கால்வாசி நேரம் படுத்தே கிடக்கும். அப்பாவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அது எழுந்து, வண்டியைத் தொடுகிற தூரத்தில் நடந்து, ஒரு தடவை நேராகக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனதும், கேட்டு வந்த வேட்டைக் கதை அத்தனையும் மறந்துபோகும்.

வண்டி ஓட்டிக் காட்டுபவர் பெரும்பாலும் மசாய் இனத்தவர். சிவப்புக் கட்டம் போட்ட போர்வை, கையில் கோல். மாடுதான் அவர்களுக்குச் சொத்து. அவரிடம் எல்லா டூரிஸ்ட்டும் கேட்கும் கேள்வி, "சிறுத்தை எங்கே?" என்பது. வளையமாதேவிக்காரர் இன்னொன்றையும் கேட்பார்: "இந்த நிலம் யாரோடது?"

அப்படிக் கேட்க அவருக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஜூலை 26-ந்தேதி பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் நெல் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. பல வருஷம் முன்பே கையகப்படுத்திப் பணம் கொடுத்த நிலம், விதைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்றது என்.எல்.சி. நின்ற பயிரை அறுக்கும்வரைகூடவா பொறுக்க முடியவில்லை என்றது ஊர். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம்.

மசாய் டிரைவருக்கு இது புதுக் கதையே அல்ல. செரெங்கெட்டியைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, 1959-ல் அவருடைய முன்னோர் அங்கிருந்து இங்கோரொங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். அதற்கு வடக்கே லொலியொண்டோ. அங்கே 1992-ல் அமீரகத்து வேட்டை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் போனது. 2022 ஜூனில் தான்சானியா அரசு அங்கே 1,500 சதுர கிலோமீட்டரை வேட்டைக்கான வனப்பகுதி என்று அளந்து கல் நட்டது. மாடு மேய்க்கத் தடை. மோதலில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். மசாய் மக்கள் பலர் காயத்தோடு எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடிவந்தார்கள்.

அதற்காக மாராவுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. பூங்காவை ஒட்டி மசாய் குடும்பங்களே நிலத்தைச் சொந்தமாக வைத்து, சேர்ந்து நடத்தும் தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. முகாம் நடத்துகிறவர்கள் அந்தக் குடும்பங்களுக்கு நில வாடகை கட்டுகிறார்கள். சிங்கம் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை உண்டு. வண்டிக் கூட்டமும் குறைவு. ரேட் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். டிக்கெட் போடும் மகன் முகாமின் நீச்சல் குளப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "வாடகை நேரா நிலக்காரங்க கைக்குப் போகுதா?" என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடலாம். சரியாக நடத்துகிறவர்கள் பதில் சொல்ல யோசிக்க மாட்டார்கள்.

திரும்பும்போது வாங்க வேண்டியது அந்தச் சிவப்புப் போர்வையும் மணிமாலையும். தந்தம், தோல், நகம் என்று யார் நீட்டினாலும், 'சும்மா முள்ளம்பன்றி முள்தானே' என்றாலும் கைவைக்கக் கூடாது. கஸ்டம்ஸில் மாட்டினால் சஃபாரி செலவைவிட வக்கீல் செலவு அதிகமாகிவிடும். மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் காட்டிவிட்டுச் சென்னையில் பஸ் பிடித்தால், சேத்தியாத்தோப்பில் இறங்கும்போது பொழுது விடிந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் அக்கம்பக்கத்தார் கேட்கப்போவது சிங்கத்தைப் பற்றித்தான். அப்பா மட்டும் அந்த டிரைவர் சொன்ன நில வாடகைக் கணக்கில் ஆரம்பிப்பார்.