பாலத்துக்கு அப்பால் ஒரு வீடு

ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். கடந்தால் வேறு நாடு, வேறு சட்டம். தங்கை கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஈசூனில் வீடு பார்த்தோம். பக்கத்திலேயே முருகன் கோவில் என்றதும் தங்கை முன்பணம் கொடுக்கத் துடித்தாள்.

"பெரியவளுக்குப் பள்ளிக்கூடம்?" என்றேன். அங்கே முதலாம் வகுப்பில் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் போக எஞ்சிய இடமே அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அது எந்த வட்டாரத்தில் கிடைக்குமோ!

காத்திருந்தோம். அவர் விடியுமுன் பாலம் கடந்து வேலைக்குப் போய்வந்தார்; தங்கைக்கு என்மேல் வருத்தம். கடைசியில் உட்லண்ட்ஸில் இடம் கிடைத்தது. நடக்கும் தூரத்திலேயே வீடு எடுத்தோம்.

மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாட்டிமார் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஓடியாடினார்கள். நம் தோட்டத்து வாசல்போலவே இருந்தது.

"பெரியம்மா, நானும் போகட்டுமா?" என்றாள் சின்னவள்.

தாய்மார்களே, முதலில் பள்ளி; பிறகு வீடு.