பறவை பிழைக்குமா?

இருட்டறை. நடுவே ஒரு மேசை. சுற்றிலும் பத்துப் பேர். கண்ணாடிக் கலம் ஒன்றின் பின்னே மறைந்து எரிகிறது ஒரே ஒரு மெழுகுவர்த்தி. ஒளிபட்ட முகங்கள் பொன்னாய் மின்னுகின்றன. படாத தோள்கள் இருளிலே கரைகின்றன. மேலே, காற்றகற்றிய குடுவைக்குள், வெள்ளைக் கொண்டைக்கிளி ஒன்று மூச்சுக்குத் தவிக்கிறது!

டார்பி நகரத்து ஓவியர் ஜோசப் ரைட் 1768-ஆம் ஆண்டு எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியம் இது. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நாம் கண்டது அச்சுப்படியைத்தான். கண்ட நாள்முதல் அது நம்மை விட்டபாடில்லை.

விடாததால், தோழர்களே, நாமும் தூரிகை பிடித்தோம்! தங்கை மகளை மெழுகுவர்த்தி முன் அமர்த்தி, அந்த வெளிச்சத்திலேயே வரைந்தோம். ரெம்பிராண்டே நாணுவார் என்று இரவில் இறுமாந்தோம். பொழுது விடிந்தது, குழந்தைக்குக் காமாலை கண்டிருந்தது! மெழுகுவர்த்தி ஒளியில் நீலம் குறைவு. அதனால் மஞ்சளும் வெள்ளையும் அங்கே ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். எவ்வளவு மஞ்சள் குழைத்தோம் என்பதே நமக்குப் புலப்படவில்லை. நிழலுக்கோ வெறுங் கருப்பைப் பூசினோம். நிழல் விழவில்லை, ஓட்டை விழுந்தது. பழுப்பு வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் மெல்லிதாய்க் கரைத்து, ஒரு பூச்சு உலர்ந்தபின் மறுபூச்சு ஏற்றிய பிறகே இருளுக்கு ஆழம் வந்தது. மூக்கு நுனியிலும் கன்ன விளிம்பிலும் சிக்கனமாக வைத்த வெள்ளையே சுடராயிற்று.

இந்த வித்தை ரைட்டுக்கு முன்பே உண்டு. ஒந்தோர்ஸ்ட், லா தூர் போன்றோர் அதைத் திருமறைக் கதைகளுக்கு வாரி வழங்கினர். ரைட் அதை ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்தார். 1766-இல் அவர் தீட்டிய கோள்பொறிப் படத்தில் கதிரவன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விளக்கு. அதன் ஒளியில் வியந்து நிற்கும் பிள்ளை முகங்கள்! அறிவுக்குக் கிடைத்த அரியணை என்று கைதட்டினோம்.

பறவையின் முன்னே கை எழவில்லை. மூத்த சிறுமி கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். ஒருவர் கடிகாரத்தோடு நேரம் கணிக்கிறார். காதலர் இருவருக்கோ தம்மைத் தவிர உலகமே இல்லை. அறிஞரின் கை குடுவையின் மேல்திருகில். திறந்தால் காற்று, காற்று வந்தால் உயிர். அவர் பார்ப்பதோ நம்மை!

உயிரை வதைக்காமல், சிறு காற்றுப்பையை வைத்தே இதைக் காட்டலாம் என்று அந்நாளைய விரிவுரையாளர் ஜேம்ஸ் பெர்குசன் எழுதியிருந்தார். ஆகவே அழும் சிறுமியைப் பேதை என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. அவளும் ஒரு கேள்விதான் கேட்கிறாள்.

நம் தங்கை மகளும் அச்சுப்படியை நெடுநேரம் பார்த்தாள். “பறவை பிழைக்குமா?” என்றாள். ஓவியர் சொல்லவில்லை என்றோம்.

“அப்படியானால் நீங்கள் வரையும்போது திறந்துவிடுங்கள், மாமா.”