உடையும் முன்னே ஒளிரும் சேதி

அனந்தபுரத்தில் சின்ன வயசில் இருட்டில் வெங்கச்சங்கல் இரண்டை உரசியிருக்கிறோம். பளிச்சென்று ஒளி வரும். படிகம் உரசி உடையும்போதுதான் அப்படி ஒளி வருகிறது. 1999-இல் ஜப்பானில் சாவோ-நான் சூ குழுவினர், யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொருள் உடையாமலே, அழுத்தம் ஏற ஏறக் கூடுதலாக ஒளிர்வதைக் காட்டினார்கள்.

சூட்டுக்கும் வழி உண்டு. சுழலும் டர்பைன் பிளேடில் தெர்மோகப்பிள் ஒயர் இழுப்பது சுலபமா? பாஸ்பர் பூசி லேசர் அடித்தால் ஒளிரும்; சூடு ஏறினால் சீக்கிரம் அணையும். அணையும் நேரத்தை அளந்தால் டெம்பரேச்சர் தெரிந்துவிடும்.

மில் ஷாஃப்ட் உடைந்து என் சித்தப்பாவுக்கு ரெண்டு விரல் போச்சு. அந்த ஷாஃப்ட் முன்னாடியே சொல்லியிருந்தா? அதனால்தான் இந்தப் பாடம் என்னை விடமாட்டேங்குது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் பாஸ்பர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. புராஜெக்ட் தேடும் ஜூனியர்களே, யோசியுங்கள்!