மஸ்டாங்கும் தெருமுனை வேகத்தடையும்

அக்கா மகன் பெங்களூரில் செகண்ட்ஸில் ஒரு மஸ்டாங் கார் எடுத்திருக்கிறான். ஞாயிறன்று எங்கள் ஊர் சானமாவுக்கு வந்தவன், "மாமா, ஸ்பிரிங் மாத்தி 30 மில்லிமீட்டர் இறக்கப்போறேன்" என்றான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான் அவனுக்கு உறுத்தல். அழகு என்று பார்த்தால் அவன் சொல்வது சரிதான்.

ஆனால் உயரம் குறைந்தால் சக்கரம் மேலே ஏறி இறங்கும் இடமும் குறையும். அடி தட்டாமலிருக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாகச் செய்வார்கள். கம்பெனி ஷாக் அப்சார்பரோ மென்மையான ஸ்பிரிங்குக்கு அளந்து வைத்தது. கெட்டி ஸ்பிரிங்கின் துள்ளலை அதால் அடக்க முடியாது. வாங்கினால் இரண்டையும் ஜோடியாக வாங்கு, பிறகு வீல் அலைன்மென்ட் பார் என்றேன். பழைய ஸ்பிரிங்கையே வெட்டித் தருகிறேன் என்பவன் கடைப்பக்கமே போகாதே என்றும் சொன்னேன். (சொல்வதற்குத்தானே மாமன்.)

அப்புறம் நம்ம சாலை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்கில் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊரில் உயரத்துக்குத் தாராளம், அகலத்துக்குக் கஞ்சம். வேகத்தடை மட்டுமில்லை, ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகப் பக்கமிருந்து யானைகள் சானமாவுக் காட்டுக்கு வரும். இருட்டில் ஒன்று குறுக்கே நின்றால், வண்டியை மண்ணில் இறக்கித்தான் திருப்ப வேண்டும்; தாழ்ந்த வண்டி அங்கேயும் அடி தட்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கிளம்பும்போது தெருமுனை வேகத்தடையில் 'கர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம்.

ஸ்பிரிங் இன்னும் மாற்றவே இல்லை.