இன்ஜின் மாற்றும் நேரம்

ரயிலில் ஏறும்போது, உங்கள் பெட்டியை இழுக்க முன்னால் தனியாக ஓர் இன்ஜின் நிற்கிறதா என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஜன்னல் ஓரம் கிடைத்ததா, பையை வைக்க இடம் இருக்கிறதா, அதுதான் நம் கவலை.

ரயில்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்னால் இன்ஜின், பின்னால் பெட்டிகள் என்று நாம் குழந்தையாக இருந்தபோது நோட்டில் வரைந்த ரயில். இன்னொன்று, சென்னை புறநகர் மின்சார ரயில், மெமு, வந்தே பாரத் மாதிரியானவை. இவற்றுக்குத் தனி இன்ஜின் கிடையாது. இழுக்கும் மோட்டார்களைப் பெட்டிகளின் அடியிலேயே பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் டிரைவர் அறை இருக்கும். சின்ன சின்ன ஊர்களில் நின்று போகும் பாசஞ்சர் ரயில்கள் இப்போது ஒவ்வொன்றாக இந்த இரண்டாவது வகைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

ரயில் சத்தமே கேட்காமல் வளர்ந்தவளுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரி. சின்ன வயதில் எங்களுக்கு ரயில் ஏற வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும். பக்கத்தில் சின்னசேலம், இல்லாவிட்டால் விழுப்புரம். அந்த விழுப்புரத்தில்தான் என் தாய்மாமா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். கோடை விடுமுறை விட்டால் போதும், அம்மா எங்களை மாமாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

எண்பதுகளில் விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. அப்போது மீட்டர் கேஜ். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைதான் மின்கம்பி. அறுபதுகளிலேயே போட்டது. அதற்குத் தெற்கே கம்பி கிடையாது. அதனால் சென்னையிலிருந்து மின்சார இன்ஜின் இழுத்துவந்த ரயில் விழுப்புரத்தில் நின்றாக வேண்டும். அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜினையோ கரி இன்ஜினையோ மாட்டுவார்கள். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, எங்கே போவதாக இருந்தாலும் விழுப்புரத்தில் இன்ஜின் மாறும்.

பயணிகளுக்கு அது கொண்டாட்டம். கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவார்கள். டீ, வடை, சாப்பாட்டுப் பொட்டலம் என்று பிளாட்பாரம் முழுக்கச் சத்தம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றாட நடப்பார்கள். ‘இன்ஜின் மாத்தறான், நேரமிருக்கு’ என்பது அந்தக் காலத்துப் பயணிகளின் தைரிய மந்திரம்.

அந்த நேரத்தில் மாமா எங்கே இருப்பார்? இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில்.

புது இன்ஜின் பின்பக்கமாக மெல்ல ஊர்ந்து வரும். மாமா கையைக் காட்டுவார். வா, வா, இன்னும் கொஞ்சம், நில். ஒரு ‘டொக்’. அந்த அதிர்வு கடைசிப் பெட்டி வரை போகும். பிறகு அவர் குனிந்து உள்ளே போவார். கொக்கியை மாட்டுவார். பிரேக் குழாயை இணைப்பார். வெளியே வந்து கையைத் தூக்குவார். அதன் பிறகு கார்டு தன் பெட்டியில் இருக்கும் மீட்டரைப் பார்த்து, ரயில் முழுக்க பிரேக் வேலை செய்கிறதா என்று உறுதி செய்வார். இவ்வளவும் முடிந்தால்தான் விசில். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அகலப்பாதை வந்தபோது வேலை இன்னும் கடினமானது. மீட்டர் கேஜில் நடுவில் ஒரே ஒரு பஃபர்தான். அகலப்பாதைப் பெட்டிகளிலோ பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பஃபர். நடுவில் திருகி இறுக்க வேண்டிய கனமான இரும்பு இணைப்பு. ஆள் அந்த இரண்டு பஃபர்களுக்கும் நடுவில் நின்றுதான் அதை மாட்ட வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான், நடுராத்திரி ஆனாலும் அப்படித்தான்.

மாமா டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். கைகளைத்தான் பார்ப்பார். இரண்டு கைகளையும் பார்த்துவிட்டுத்தான் ‘சாப்பிடறீங்களா?’ என்று கேட்பார். கிரீஸ் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்போல என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டோம்.

விழுப்புரத்தின் மின்கம்பிக்கும் பிரான்ஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பக்கத்தில் பாண்டிச்சேரி இருப்பதால் சொல்லவில்லை. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த 1879-லேயே விழுப்புரத்துக்கு ரயில் பாதை வந்துவிட்டது உண்மைதான். நான் சொல்வது தலைக்கு மேலே ஓடும் கம்பியைப் பற்றி. இன்று நம் நாடு முழுக்க ரயிலை ஓட்டும் 25,000 வோல்ட் மின்சார முறையை ஐம்பதுகளில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தவர்கள் பிரெஞ்சு ரயில்வேக்காரர்கள். 1957-ல் அவர்களின் ஆலோசனையோடு நம் ரயில்வே அதை ஏற்றுக்கொண்டது.

அந்த பிரான்ஸிலும் இன்று இதே கதைதான். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடும் டி.ஜி.வி. ரயில்களுக்குப் பேர்போன நாடு. அங்கேயும் பாரீஸிலிருந்து லிமோஜ் வழியாக துலூஸ், பாரீஸிலிருந்து கிளெர்மோன் ஃபெரோன் போன்ற தடங்களில், எழுபதுகளில் அறிமுகமான ‘கொராய்’ வகைப் பெட்டிகளை இன்ஜின்தான் பல வருஷங்களாக இழுத்து வந்திருக்கிறது. அவற்றுக்குப் பதிலாகத் தனி இன்ஜின் தேவைப்படாத புது ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரியில் படுத்துப் போகும் ரயில்களுக்கு மட்டும் இன்னமும் இன்ஜினைத்தான் நம்புகிறார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் முன்னால் போய்விடுவதால், இழுபடும் பெட்டியில் படுத்திருப்பவருக்கு அடியிலிருந்து சத்தம் வராது. தவிர, இன்ஜின் கெட்டுப்போனால் வேறோர் இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டிக் கிளம்பலாம். பொங்கல், தீபாவளிக்குக் கூட்டம் என்றால் இரண்டு பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்துவிடலாம். ‘பயணிகள் வசதிக்காகக் கூடுதல் பெட்டி’ என்று செய்தி வருமே, அது இப்படித் தனி இன்ஜின் இழுக்கும் ரயிலில்தான் சுலபம். ஒரே செட்டாகச் செய்த ரயிலில் நினைத்தபோது ஒரு பெட்டியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

மறுபக்க நியாயமும் உண்டு. பல பெட்டிகளின் அடியிலும் மோட்டார் இருந்தால் ரயில் சட்டென்று வேகமெடுக்கும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்ப வேண்டிய பாசஞ்சருக்கு அதுதான் பொருத்தம். கடைசி ஸ்டேஷன் வந்ததும் இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டும் வேலை கிடையாது. டிரைவர் இறங்கி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் போதும்.

இதைப் படிக்கிறவர்களில் இன்ஜின் மாற்றுவதை நேரில் பார்க்காத பிள்ளைகள் இருந்தால், ஒருமுறை குன்னூருக்கு அழைத்துப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் மலையேறும். அந்த இன்ஜின் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளும். பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1899-லிருந்து குன்னூர் வரை ஓடும் பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். அப்படியே பழைய விழுப்புரம்!

மாமா இப்போது விழுப்புரத்திலேயே மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது, விழுப்புரத்தில் நிற்கும். ஒருநாள் அவரை பிளாட்பாரத்துக்கு அழைத்துப் போனேன். ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று ஏதாவது சொல்வார், கேட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை எனக்கு.

ரயில் வந்து நின்றது. மாமா அதன் மூக்கைப் பார்த்தார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த மூடிய இணைப்பைப் பார்த்தார்.

“இதுல ஆளு எங்க நிக்கிறது?” என்றார்.

“யாரும் நிக்க வேணாம் மாமா. கழட்டுறது, மாட்டுறது எதுவும் இங்க கிடையாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நல்லதா போச்சு பாப்பா” என்றார். அவ்வளவுதான். ரயில் கிளம்பிப் போகும்வரை தன் கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

அதற்கு அடுத்த வருஷம், 2024 நவம்பரில், பீகாரின் பரௌனி ஜங்ஷனில் இன்ஜினைக் கழற்றும்போது ஒரு பாயின்ட்ஸ்மேன் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார். அந்தச் செய்தியைப் போனில் படித்தபோது எனக்கு அத்தையின் ஞாபகம்தான் வந்தது. முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கும் அத்தை. நாங்கள் பிளாட்பாரத்தில் டீ குடித்த ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்காக இன்ஜின் இழுக்கும் ரயிலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ரிசர்வேஷன் செய்ய முடியாதவர்கள் தொலைதூரம் போவது அதில்தான். கல்வராயன் மலையிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்கி, வேலை தேடிப் போகிறவர்களுக்கு வந்தே பாரத் டிக்கெட் எட்டாது. அவர்களுக்கு வேண்டியது பொதுப்பெட்டி. 2023 டிசம்பரில் வந்த அம்ரித் பாரத் ரயிலை இந்த விஷயத்தில் வரவேற்கத் தோன்றுகிறது. ஏ.சி. இல்லாத பெட்டிகள். முன்னால் ஓர் இன்ஜின் இழுக்கும், பின்னால் ஓர் இன்ஜின் தள்ளும். இரண்டு பக்கமும் இன்ஜின் இருப்பதால் திசை மாறும்போது கழற்றி மாட்ட வேண்டியதில்லை. அதாவது, சாதாரண மக்களுக்கான ரயிலையும் ஓட்டலாம், நடுவில் ஆள் நிற்கும் வேலையையும் குறைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

புது வகைப் பெட்டிகளில் இணைப்பு தானாகவே கோத்துக்கொள்கிறது, இரண்டு பேர் கைகுலுக்குவதுபோல. ஆனாலும் பிரேக் குழாய்களை மாட்ட இன்னமும் ஒருவர் உள்ளே போகத்தான் வேண்டியிருக்கிறது. அவர் வெளியே வந்து கை காட்டும்வரை இன்ஜின் அசையக் கூடாது என்பது பழைய பாடம். எத்தனை அவசரம் இருந்தாலும், எவ்வளவு தாமதமாக ரயில் ஓடினாலும், அந்தப் பாடத்தில் மட்டும் சலுகை கூடாது. ரயில் பத்து நிமிஷம் லேட் என்று நாம் கோபப்படும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புதிய ரயில் பாதை, சுமார் 16 கி.மீ. பல வருஷங்களாக நாங்கள் ஏங்கிய பாதை. வரைபடத்தைப் பார்த்தால் அது கள்ளக்குறிச்சியோடு முடிந்துவிடும். முட்டுச்சந்து மாதிரி. வந்த ரயில் வந்த வழியே திரும்ப வேண்டும். இன்ஜின் இழுக்கும் ரயிலாக இருந்தால் இங்கே ஒவ்வொரு முறையும் கழற்றி, சுற்றி, மறுபடி மாட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மாமா நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

அதனால் என்னைக் கேட்டால், எங்கள் கிளைப் பாதைக்கு மெமு போதும். சின்னசேலத்தில் இறங்கி, தொலைதூரம் போகிறவர்கள் இன்ஜின் இழுக்கும் பெரிய ரயிலில் ஏறிக்கொள்ளட்டும். அதில் பொதுப்பெட்டிகள் குறையாமல் இருக்கட்டும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஒரே ஒரு திருத்தம்தான் இருந்தது.

“எந்த ரயிலா இருந்தாலும் சரி பாப்பா. டீ குடிக்க ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லு.”