சிவப்பு கிட்டாரும் அப்பாவின் கேள்விகளும்

கொல்கத்தாவின் தர்மதலா தெருவுக்கு இன்று லெனின் சரணி என்று பெயர். இசைக்கருவிக் கடைகளுக்குப் பேர்போன அந்தத் தெருவில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது: பதினாறு வயதுப் பையன் ஒருவன், பின்னால் அப்பா. பையனின் பார்வை சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் மீது. அப்பாவின் பார்வை விலைச்சீட்டின் மீது. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பமானால், வீட்டில் உறை கழற்றாத வீணை ஒன்றும் இருக்கக்கூடும். அந்தக் கதை மறுபடி நடந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்பாவின் கவலை.

எனவே அவரிடம் கேள்விகள் நிறைய.

முதலில் சாதாரண கிட்டாரில் பழக வேண்டாமா? அவசியமில்லை. இரண்டிலும் ஆறு கம்பிகள், ஒரே சுருதி, விரல் வைக்கும் இடங்களும் அவையே. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் மெல்லியவை. விரல் நுனி குறைவாகவே வலிக்கும். எந்த இசையின் மீது ஆசையோ அதற்கான கிட்டாரே நல்லது. ஆசை வடிந்துவிட்டால் பயிற்சியும் நின்றுவிடும்.

ஷாக் அடிக்குமா? கிட்டாரில் இருப்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பியும்தான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவின் தத்துவமேதான். நைலான் கம்பி மாட்டினால் கருவி ஊமையாகிவிடுவதும் இதனால்தான். ஆபத்து ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில் இருக்கிறது. கிட்டார் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத பழைய வீட்டு ஒயரிங்கில் கோளாறு வந்தால் அது விரலுக்கே வந்து சேரும். கிட்டார் வாங்குமுன் எலெக்ட்ரீஷியனை அழைப்பது புத்திசாலித்தனம்.

எத்தனை வாட்? வீட்டுக்குப் பத்து வாட் தாராளம். நூறு வாட் என்றால் பத்து மடங்கு சத்தம் என்று நினைப்பது தவறு; காதுக்குக் கேட்பது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். வீட்டு ஸ்டீரியோவிலேயே செருகிவிடலாமே? கிட்டாரின் சிக்னல் மிகப் பலவீனமானது. ஒலி சோகையாக வரும். கூட்டிவைத்தால் ஸ்பீக்கர் கெடவும் வாய்ப்பு உண்டு.

ஏன் இந்த 'ம்ம்ம்' இரைச்சல்? சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அந்தச் சுருள் பிடித்துவிடுகிறது. 1950களில் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வைத்தார். அதுதான் ஹம்பக்கர். கங்கைக் கரை ஈரக்காற்றில் துருப்பிடிக்கும் கம்பிகளுக்கு அப்படி வித்தை ஏதுமில்லை. வாசித்து முடித்ததும் துணியால் துடைக்க வேண்டும்.

இந்த நகரத்துக்கு எலெக்ட்ரிக் கிட்டார் புதிதல்ல. 1930களில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார், மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் வகை. வங்காளிகள் அந்த வகையைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். சுனில் கங்குலியின் எலெக்ட்ரிக் ஹவாயன் கிட்டாரில் ரவீந்திர சங்கீதமும் இந்திப் பாட்டும் இசைத்தட்டுகளாக வீடுதோறும் நுழைந்தன. பார்க் தெரு உணவகங்களிலோ ஜாஸும் பாப்பும். தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான உஷா உதுப், பட்டுப்புடவையில் டிரிங்காஸ் மேடையேறியது அங்கேதான்.

பெங்களூரில் 1942இல் பிறந்த கார்ல்டன் கிட்டோவும் 1970களில் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவர். தானாகவே ஜாஸ் கற்றவர். 2016இல் இறக்கும்வரை அவருக்கு இரு வேலைகள்: வாசிப்பது, சொல்லிக்கொடுப்பது. அப்பாக்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பணத்தை எல்லாம் கருவியிலேயே கொட்டிவிடாமல் ஆசிரியருக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். பழைய கிட்டாரானாலும் குற்றமில்லை. கழுத்து வளையாமல், ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு கட்டையிலும் தெளிவாகப் பேசினால் போதும்.

பில் போடும் நேரத்தில் அப்பா கடைசிக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: "இதில் ஹெட்ஃபோன் மாட்டலாமா?"

மாட்டலாம். அப்பா பர்ஸைத் திறக்கிறார்.